வாயில்லாச் செல்லுக்குள் வழி எது?
ஒட்டுண்ணிகள் நுழையும் விதமும் வகுப்பறையும்

பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), கந்தர்வக்கோட்டை ஒன்றியம், புதுக்கோட்டை மாவட்டம்

மலேரியா பற்றிப் பாடம் நடத்தும்போது, பிளாஸ்மோடியம் இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்து பெருகுகிறது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த வரியில் என்னை நிறுத்தினாள். “சிவப்பணுவுக்கு வாய் கிடையாதே டீச்சர், கிருமி எந்த வழியா உள்ள போகும்?”

நியாயமான கேள்வி. வெள்ளையணு கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, விழுங்கும் திறனும் இல்லை. ஆகவே ஒட்டுண்ணி தன் சொந்த முயற்சியால்தான் உள்ளே போயாக வேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் நடப்பது

பெண் அனாபிலஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரல் செல்களுக்குள் சென்று பெருகுகிறது. குறைந்தது ஒரு வாரம் எந்த அறிகுறியும் இராது. பிறகு மீரோசோயிட்டுகளாக இரத்தத்துக்கு வருகிறது. மீரோசோயிட் ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவு. சிவப்பணு ஏறத்தாழ எட்டு மைக்ரோமீட்டர். எட்டு சென்டிமீட்டர் இட்லியின் அருகே ஒரு கோலிக்குண்டை வைத்துக் காட்டினால் விகிதம் மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

நுழைவு நான்கு படிகளில் நடக்கிறது:

1. மீரோசோயிட் சிவப்பணுவின் மேல் ஏதோ ஒரு பக்கமாக ஒட்டுகிறது.
2. புரண்டு, தன் கூர்முனையைச் சிவப்பணுவின் பக்கம் திருப்புகிறது.
3. கூர்முனையிலுள்ள பைகளிலிருந்து ஒரு புரதத்தைச் சிவப்பணுவின் சவ்வில் பதிக்கிறது. அதைத் தன் மேற்பரப்பிலுள்ள வேறொரு புரதத்தால் பற்றிக்கொள்கிறது. கொக்கி, வளையம் இரண்டையும் கையோடு கொண்டுவரும் விருந்தாளி இது!
4. நம் தசைகளில் உள்ளதைப் போன்ற ஆக்டின், மையோசின் புரதங்களின் விசையால் தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வைவாக்ஸ், ஃபால்சிபாரம் வகைகள் உள்ளே சுமார் 48 மணி நேரம் பெருகி, செல்லை உடைத்து வெளிவருகின்றன. அப்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன.

பலூன் செயல்பாடு

பாதி காற்று அடைத்த பலூனுக்குள் ஒரு மாணவரை விரலால் அழுத்தச் சொல்லுங்கள். விரல் உள்ளே போகிறது. ஆனால் பலூன் கிழியவில்லை. விரலைச் சுற்றிப் பலூனின் தோல் உறைபோல் நிற்கிறது. செல்லின் சவ்வும் இப்படித்தான் உள்வாங்கி, ஒட்டுண்ணியைச் சுற்றி ஒரு பையாகிறது. கிருமி செல்லைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று வரைந்த மாணவர்கள், இதைச் செய்தபின் படத்தைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

நம் ஊர்த் தொழுவத்தில்

எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலரின் வீட்டில் கறவை மாடு உண்டு. அவர்களுக்கு மலேரியாவைவிட மாட்டுண்ணி நெருக்கமானது. உண்ணி பரப்பும் தைலேரியா, பிளாஸ்மோடியத்தின் உறவுக்கார ஒட்டுண்ணி. ஆனால் நுழையும் விதம் வேறு. இது புரள்வதில்லை. எந்தப் பக்கமாக ஒட்டினாலும் மாட்டின் வெள்ளையணுச் சவ்வு இதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. உள்ளே போனதும் தன்னைச் சுற்றியுள்ள சவ்வைக் கரைத்துவிட்டு, அந்த வெள்ளையணுவை ஓயாமல் பிரியத் தூண்டுகிறது. செல் பிரியும்போது கதிர்கோல் இழைகளைப் பற்றிக்கொண்டு இரண்டு சேய்ச் செல்களுக்கும் போய்ச் சேர்கிறது. செல் பிரிதல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மாட்டுக்குக் கடும் காய்ச்சலும் நிணநீர் முடிச்சு வீக்கமும் வருவது இதனால்தான். நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும். ஜெர்சி கலப்பின மாடுகள் இறந்தும் போகலாம். பியூபார்வாகுவோன் என்ற மருந்து ஒட்டுண்ணியைக் கொன்றதும் செல்லின் கட்டுக்கடங்காத பிரிதலும் நின்றுவிடுகிறது. ஆனால் மருந்தை நோயின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்.

கோழிக்கூட்டில்

கோழிக்கு வரும் இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியாவும் இதே கூட்டம்தான். இது தீனியோடும் தண்ணீரோடும் உள்ளே போய், குடல் சுவர் செல்களுக்குள் நுழைந்து பெருகி அவற்றை உடைக்கிறது. எச்சத்தில் இரத்தம் வருவது அதனால்தான்.

மாணவர் மனதில் நிற்க வேண்டியது

எந்தச் செல்லுக்குள் நுழைகிறது என்பதை வைத்து அறிகுறி அமைகிறது. நுழையும் முன் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை வைத்துத் தடுக்கும் வழி அமைகிறது.

• உண்ணி மாட்டைக் கடித்தவுடன் தைலேரியா பரவுவதில்லை. உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அது முதிர இரண்டு, மூன்று நாள் ஆகும். அதற்குள் உண்ணியை நீக்கினால் மாடு தப்பும்.

• எச்சத்தோடு வெளிவரும் ஐமீரியா முட்டையுறை உடனே நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் வீரியம் பெறும். கூட்டைத் தினமும் கூட்டிக் காயவைப்பதன் பயன் இங்கே புரியும்.

• வைவாக்ஸ் மலேரியா கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். மருத்துவர் 14 நாள் மாத்திரை தந்தால், காய்ச்சல் நின்றபிறகும் 14 நாளும் சாப்பிட வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்குப் பலூனும் கோலிக்குண்டும் போதும். உயர்நிலை வகுப்புகளில் மாணவர்கள் தங்கள் வீட்டு மாடுகளின் காதுமடல், மடி, வால் அடி ஆகிய இடங்களைப் பெரியவர்கள் துணையோடு பார்த்து, உண்ணி இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வரலாம். உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாட்டுக்குக் காய்ச்சலும் கழுத்தருகே வீக்கமும் தெரிந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20 அன்று. அந்த நாள் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினால், மாணவர்கள் குறித்து வந்த விவரங்களையே தரவாக வைத்துப் பாடத்தை நடத்திவிடலாம்.