சாகாத ஒருத்தருக்கு ஃபேர்வெல்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வாசலில் லாரி நிற்கும், அட்டைப்பெட்டிகள் ஏறும், பக்கத்து வீட்டுக்காரங்க வந்து "அடிக்கடி வந்துட்டுப் போங்க"ன்னு சொல்லுவாங்க.

2007இல் வெளிவந்த 'தி மேன் ஃப்ரம் எர்த்' படமும் இப்படித்தான் தொடங்குகிறது. ஜான் ஓல்ட்மேன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வீட்டைக் காலி செய்கிறார். வழியனுப்ப வந்த நண்பர்கள் ஏன் போறீங்கன்னு விடாம கேட்கிறார்கள். கடைசியில் அவர் சொல்கிறார்: "எனக்கு வயசு 14,000. கற்காலத்து ஆள் நான். எனக்கு முதுமை வரலை. மத்தவங்க அதைக் கவனிக்க ஆரம்பிச்சதும், பத்து வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறிடுவேன்."

அவ்வளவுதாங்க கதை! அதற்கப்புறம் முழுக்கப் பேச்சுதான். ஃப்ளாஷ்பேக் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது. ஒரு வீடு, கணப்படுப்பு, கேள்வி கேட்க ஒரு மானுடவியலாளர், ஒரு உயிரியலாளர், ஒரு தொல்லியலாளர், ஒரு மனநல மருத்துவர். ரிச்சர்ட் ஷெங்க்மன் இதைச் சுமார் 2 லட்சம் டாலரில், சிறிய வீடியோ கேமராவில் எடுத்தார். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. ரொம்ப நாள் வாழ்ந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?

தெரியாது! தான் கற்காலத்தில் எங்கே வாழ்ந்தோம் என்பதையே ஜான் பிற்காலத்துப் புத்தகங்களைப் படித்துத்தான் ஊகிக்கிறார். நம்ம சுரங்கத்தையே எடுத்துக்கோங்க. அங்கே 30 வருஷம் ஷிஃப்ட் பார்த்தவருக்கு பழுப்பு நிலக்கரியின் நிறமும் ஈரமும் அத்துப்படி. ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்களிலிருந்து வந்தது என்பதை நிலவியல்தான் சொல்லணும். பக்கத்தில் இருப்பது வேறு, அறிவது வேறு.

2. நிரூபிக்க முடியுமா?

ஜானிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் சொல்வது பொய் என்று நண்பர்களாலும் காட்ட முடியவில்லை. பொய் என்று காட்ட வழியே இல்லாத ஒன்றை உண்மை என்று ஏத்துக்கலாமா? லேப் ரெக்கார்டு எழுதுற நாம யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த அறையில் ஒருத்தர் கோபப்படுகிறார், ஒருத்தர் அழுகிறார். ஏன் என்று கவனியுங்கள். அவர்களைத் தடுமாற வைப்பது ஜானின் வயசு மட்டும் இல்லை.

3. நீடிக்க வேண்டியது எது?

இந்தக் கேள்விக்கு நாம வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 'மரணமிலாப் பெருவாழ்வு' பற்றிப் பேசிய வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்றார். அவர் ஒளியுடல் பெற்றார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் 1867 மே 23 அன்று அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பில் இன்றும் சாப்பாடு வேகிறது. அதில் விறகு வைக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டன. அடுப்பு மட்டும் அணையவில்லை.

ஜானுடைய கதை இதற்கு நேர் எதிர். உடம்பு நீடிக்கிறது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு ஊர், ஒரு வீடு, ஒரு நட்பு நிலைப்பதில்லை. இதில் எது சாகாமை?

கடைசியா ஒண்ணு. இந்தக் கதையை எழுதியவர் ஜெரோம் பிக்ஸ்பி. 1998இல், மரணப் படுக்கையில், தன் மகனிடம் சொல்லச் சொல்லத்தான் இதை முடித்தார். படத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சாகாத மனிதனைப் பற்றிய கதையைச் சாகப்போகிற ஒருவர் எழுத, மகன் வாங்கி வைத்துக்கொண்டார். அதுவும் ஒரு அடுப்புதானே?

முடிவைச் சொல்ல மாட்டேன், திட்டாதீங்க! வார இறுதியில் ஹாஸ்டல் ரூமில் நாலு பேராக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் உடனே லைட் போடாதீங்க. "உனக்கு இந்த வரம் கிடைச்சா வேணுமா?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. வேணும்னு சொல்றவங்ககிட்ட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "அம்மா அப்பாவுக்கு அது கிடைக்கலைன்னா?"