சோலாருக்கு முன் கரண்ட் பில்லைப் படியுங்கள்

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 2 கிலோவாட் சோலார் ஓடுகிறது. விசாரிக்க வருகிறவர்கள், "எவ்வளவு ஆச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது, "ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" என்று. சோலார் யூனிட்டின் மதிப்பை வெயிலைவிட உங்கள் பில்தான் தீர்மானிக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் என்று வையுங்கள்; இரண்டு மாதத்துக்கு 240. சித்திரை வெயிலை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பேனல் சூடேறினால் அதன் திறன் குறையும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் உற்பத்தியே இறங்கிவிடும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. தண்ணீர்த் தொட்டி, தென்னை, பக்கத்து மாடி ஆகியவற்றின் நிழலைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துவிடுங்கள்.

யூனிட்டின் மதிப்பு என்ன?

2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அதே யூனிட்டுகளுக்கே 4.80 ஆகிவிடும், 601 முதல் 800 வரை 9.65, அடுத்த படி 10.70.

900 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். பில் 5,940 ரூபாய். 2 கிலோவாட் வைத்தால் 480 யூனிட் கழிந்து 420-க்கு மட்டும் சுமார் 1,300 கட்டினால் போதும். மிச்சம் 4,600-க்கு மேல். சோலார் யூனிட் ஒன்றின் மதிப்பு ஏறக்குறைய 9.65. மூன்றாவது கிலோவாட்டும் சேர்த்தால் கூடுதல் மிச்சம் 1,100 ரூபாய் அளவுதான்; யூனிட்டுக்குச் சுமார் 4.64. விலை உயர்ந்த படிகளை முதல் இரண்டே வெட்டிவிடுகின்றன.

செலவு எப்போது திரும்பும்?

2 கிலோவாட்டுக்குச் சுமார் 1.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். வேலை முடிந்த பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுத் தொகைக்கும் ஏற்பாடு வேண்டும். மானியம் போக 80,000. ஆண்டு மிச்சம் 27,800. மூன்று ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும்.

400 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் வைத்தால் ஆண்டு மிச்சம் 6,200-தான். மானியம் போகக் கைச்செலவு 45,000 என்றாலும் ஏழு ஆண்டுகள் ஆகும்.

கணக்கில் விடக்கூடாதவை

- பேனல் 25 ஆண்டு உழைக்கும். இடையில் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.
- பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் பகலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.
- நெட் மீட்டர் விதிகளையும் இதர கட்டணங்களையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உபரி மின்சாரத்தை வருமானமாகக் கணக்கிட வேண்டாம்.

ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து வையுங்கள். 500-ஐத் தாண்டும் வீடு என்றால், பில்லை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கும் அளவுக்கு முதலில் வையுங்கள். எப்போதும் 400-க்குள் நிற்கும் வீடு என்றால், 75 வாட் பழைய மின்விசிறிகளை 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.