பலவகை மரம், பிழைக்கும் காடு

திருவனந்தபுரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதில் பெரும்பகுதி கரமனை ஆற்றுத் தண்ணீர். இந்த ஆறு அகத்தியமலைக் காட்டில் பிறக்கிறது. பேப்பாறை அணையில் தேங்குகிறது. அருவிக்கரை வழியாக நகருக்கு வருகிறது.

அதே மலையின் கிழக்கே தாமிரபரணி பிறக்கிறது. அது திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்களை நனைக்கிறது.

காடு வாடினால் இந்த ஆறுகளும் வாடும்.

இப்போது உலகில் வெப்பம் கூடுகிறது. ஒரு சமயம் மழை கொட்டுகிறது. ஒரு சமயம் பொய்க்கிறது. காடு இதை எப்படித் தாங்குகிறது?

பலவகையே பலம்

அகத்தியமலையில் 2,000-க்கும் மேற்பட்ட செடி வகைகள் உள்ளன. நாங்கு, அயினிப்பலா, காட்டு ஜாதிக்காய், பிரம்பு, ஈத்தை இவை சில.

சில மரங்களின் வேர் ஆழமாகப் போகும். கோடையில் அடி ஈரத்தை உறிஞ்சும். சில வேர்கள் மேலாகப் பரவும். பெய்த மழையை உடனே பிடிக்கும். உயர்ந்த மரங்கள் வெயிலை மறைக்கும். நிழலில் சிறு கன்றுகள் பிழைக்கும். உதிர்ந்த இலைகள் மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

ஒருவகை மரத்துக்கு நோய் வந்தாலும் மற்றவை நிற்கும். ஒரு மரம் காய்க்காதபோது இன்னொன்று காய்க்கும். இருவாச்சிப் பறவை பழம் தின்னும். விதைகளைப் பரப்பும். அங்கே புதுக் கன்று முளைக்கும்.

வீட்டுத் தோட்டமும் இப்படித்தான். வாழை மட்டும் நட்டால், ஒரு பலத்த காற்றில் எல்லாம் சாயும். தென்னை, பலா, மிளகு, மரவள்ளி கலந்து நட்டால், ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஒரு சோதனை

மலேசியாவில் சபா என்ற மாநிலம் உள்ளது. அங்கே மரம் வெட்டப்பட்ட காட்டில் 2002-இல் கன்றுகள் நடத் தொடங்கினர். சில இடங்களில் ஒரே வகை. சில இடங்களில் 16 வகை. முடிவு 2023-இல் வெளிவந்தது. 16 வகை நட்ட இடங்களே வேகமாகத் தேறின.

எல்லையும் உண்டு

காட்டின் பலத்துக்கும் எல்லை உண்டு. அகத்தியமலை உச்சியின் உயரம் 1,868 மீட்டர். குளிர்ச்சியை விரும்பும் செடிகள் மேலே வளர்கின்றன. வெப்பம் கூடினால் அவை இன்னும் மேலே போக வேண்டும். உச்சிக்கு மேல் இடம் ஏது?

பாலோட்டில் 1979-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் அரிய செடிகளைக் காத்து வளர்க்கிறது. ஆனால் தோட்டம் காடு ஆகாது. காட்டுத்தீயும் மரவெட்டும் காட்டைக் குலைக்கும். இவற்றைத் தடுத்தால் காடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது?
2. உங்கள் தோட்டத்தில் எத்தனை வகை மரங்கள் உள்ளன? எண்ணி எழுதுங்கள்.