மழை பெய்தும் செடி வாடுவதேன்?

மாசி மாதம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு வீட்டு மாடியில் பீன்ஸ், முள்ளங்கி, தக்காளி, ஒரு ரோஜா எனத் தொட்டிகளில் தோட்டம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விதைகள் முளைக்கின்றன. மூன்றாம் வாரத்தில் பீன்ஸ் இலைகளின் விளிம்பு கருகுகிறது. "வெயில்தான் காரணம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்று" என்கிறார் பாட்டி. ஊற்றியும் பயனில்லை. பங்குனியில் எதிர்பாராமல் ஒரு தூறல் விழுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பாதிச் செடிகள் துவண்டு கிடக்கின்றன!

தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அது உப்பு.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிடுவார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் முதல் வேலை, அதை நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுவது. பல ஆண்டுகள் இக்கழிவுநீர் ஏரி, கால்வாய், பாலாற்று மணல் என்று விடப்பட்டு நிலத்தடி நீரில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனால் நுண்ணுயிர்கள் சிதைப்பது உயிர்க்கழிவைத்தான். கரைந்த உப்பை அவை தொடுவதில்லை. உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் தேவை. இரண்டுமே செலவு மிகுந்தவை. (எல்லாக் கிணற்று உப்புக்கும் தோல் தொழிலே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பாறையிலிருந்து இயற்கையாகவே உப்பு ஊறும் கிணறுகளும் உண்டு.)

இப்போது ஒரு சிறு கணக்கு. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்புகள் கரைந்திருப்பதாகக் கொள்வோம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 2 கிராம் வரை குடிநீரிலேயே இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் 60 நாட்கள் ஊற்றினால் 120 லிட்டர். நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அடியில் வடியாவிட்டால் அந்தத் தொட்டியில் 120 கிராம் உப்பு சேர்ந்திருக்கும்! நம் சமையலறையில் அவ்வளவு உப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

வேர் நீரை உறிஞ்சுவது சவ்வூடு பரவலால் என்று படித்திருப்பீர்கள். வேர் உயிரணுவைவிட வெளியே உள்ள கரைசலின் அடர்த்தி கூடும்போது நீர் உள்ளே செல்வது குறைகிறது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது.

தூறலின் மர்மமும் இதுதான். வெயிலில் மேல்மண் காயும்போது நுண்துளை ஏற்றத்தால் உப்பு மேலே வந்து படிகிறது. கனமழை பெய்தால் அது கரைந்து தொட்டியின் அடித்துளை வழியே வெளியேறிவிடும். சிறு தூறலோ அதைக் கரைத்து இரண்டு அங்குலம் இறக்கி, இளநாற்றின் வேரருகே விட்டுவிடுகிறது. ஆகவே தூறல் விழுந்த நாளில் "இன்று தண்ணீர் வேண்டாம்" என்று இருந்துவிடாதீர்கள். உப்பு நீர் ஊர்களில் அன்றுதான் தாராளமாக ஊற்றி, அடித்துளையில் நீர் வடியச் செய்ய வேண்டும்.

சோதனை: மூன்று தட்டுகளில் ஈரத்துணி விரித்து ஒவ்வொன்றிலும் 20 காராமணி விதைகளை வையுங்கள். முதல் தட்டுக்கு மழைநீர், இரண்டாவதற்கு உங்கள் கிணற்று நீர், மூன்றாவதற்கு ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த நீர். ஐந்து நாட்கள் முளைகளை எண்ணிக் குறியுங்கள். உங்கள் கிணறு முதல் தட்டின் பக்கமா, மூன்றாவதன் பக்கமா என்று தெரியும். பிறகு அதையே பீன்ஸ் விதையில் செய்து பாருங்கள். காராமணி பொறுப்பதைப் பீன்ஸ் பொறுக்காது.

பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம், ரோஜா ஆகியவை உப்புக்கு எளிதில் மடங்குபவை. காராமணி, பீட்ரூட், பருப்புக்கீரை, டேபிள் ரோஸ் ஓரளவு தாங்கும். தக்காளி நடுத்தரம், ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். எனவே அதையும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரியையும் ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. கத்தரியின் வேருக்கும் உப்பு பிடிக்காது. ஆடிக்குப்பின் வரும் மழைகள் அதற்குத் துணை.

கோடை மழையை நம்பமுடியாததால் விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை இன்றும் மீதியைப் பத்து நாள் கழித்தும் விதையுங்கள். நாற்றுப் பருவத்தில்தான் செடி உப்புக்கு அதிகம் அஞ்சும். அந்தச் சில வாரங்களுக்காவது மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும். மண்மேல் வைக்கோலோ சருகோ மூடினால் ஆவியாதல் குறைந்து, உப்பு மேலேறுவதும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலைக் கசடு கொட்டிய இடத்து மண்ணை உரமென்று எண்ணி எடுத்து வராதீர்கள். அதில் குரோமியம் இருக்கலாம். கீரையைக் கொதிக்கவைத்தாலும் உலோகம் அழியாது. அத்தகைய மண் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதில் உண்பதற்கு எதுவும் பயிரிடாதீர்கள். கூடை மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து தொட்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.