ஏஸ் எழுத உட்காரும் முன்

அறிவுத்தளம் கட்ட அட்டெம்ப்டோ கன்ட்ரோல்டு இங்கிலீஷ், அதாவது ஏஸ், கற்கத் தொடங்குகிறீர்களா? 1995-இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மொழி இது. பார்க்க ஆங்கிலம், உள்ளே முழுக்கத் தர்க்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏஸுக்கான பகுப்பியான ஏப் பார்சரில் போட்டு, தான் புரிந்துகொண்டதை அது திருப்பிச் சொல்லும் பாராஃப்ரேஸைப் படியுங்கள். பிழை காட்டவில்லை என்றால் இலக்கணம் சரி, அவ்வளவுதான். நீங்கள் நினைத்ததையே அதுவும் புரிந்துகொண்டதா என்பது பாராஃப்ரேஸில்தான் தெரியும்.

• பொது விதி என்றால் 'எவ்ரி' அல்லது 'இஃப்–தென்' போடுங்கள். 'எ கஸ்டமர் ஹேஸ் எ கார்ட்' என்று எழுதினால், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் ஏதோ ஒரு கார்டு இருக்கிறது என்றே பதிவாகும்.

• படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுங்கள். 'நேற்று வந்தார்' கதையெல்லாம் இங்கே எடுபடாது.

• அகராதியில் இல்லாத பெயர்ச்சொல்லுக்கு முன் 'என்:', வினைச்சொல்லுக்கு முன் 'வி:' சேருங்கள். இல்லையென்றால் பார்சர் அங்கேயே நின்றுவிடும்.

• பத்து வாக்கியம் சேர்ந்ததும், ஏஸ் வாக்கியங்களைத் தர்க்கப்படி சோதிக்கும் ரேஸ் ரீசனரில் முரண் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு சேர்ந்தபின் தேடினால் கண் போய்விடும்.

செய்யக்கூடாதவை

• 'வித்'-ஐ நம்பாதீர்கள். 'எ கஸ்டமர் இன்சர்ட்ஸ் எ கார்ட் வித் எ கோட்' என்றால், கோட் கார்டுக்கு உரியது என்று நாம் படிப்போம். ஏஸ் அதை வினையோடு ஒட்டிவிடும்: கோட் ஒன்றைக் கொண்டு செருகுகிறார்! 'எ கார்ட் தட் ஹேஸ் எ கோட்' என்று எழுதுங்கள். 'ஆஃப்' மட்டும் பெயர்ச்சொல்லோடு ஒட்டும்.

• 'இட்' போட்டுவிட்டு நகராதீர்கள். பொருந்தக்கூடிய கடைசிப் பெயர்ச்சொல்லை அது பிடித்துக்கொள்ளும். பெயரையே திரும்ப எழுதுங்கள், நடை அழகு இங்கே யாருக்கும் தேவையில்லை.

• 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். 'ஆண்ட்' இறுக்கமாகப் பிணையும். குழப்பமென்றால் இரண்டு வாக்கியமாக உடையுங்கள்.

• சொல்லாதது பொய் என்று எண்ணாதீர்கள். வலைக்கான அறிவு மொழியான ஆவ்லுக்கு (OWL) மாற்றினால், சொல்லாதது 'தெரியாதது' மட்டுமே. இரண்டு பெயர் கொடுத்தாலும் இரண்டு ஆள் என்று அது கொள்ளாது. வேறு வேறு ஆள் என்பதையும் எழுதுங்கள். எல்லா ஏஸ் வாக்கியமும் ஆவ்லுக்கு மாறிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

• விமானக் கையேடுகளுக்கான சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷைக் கற்று இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது மெக்கானிக் படிக்க எழுதுவது, தர்க்கமாக மாற்ற அல்ல.