கணினி வழியே வரும் குரல்

கேள்வி: அலுவலகத் தொலைபேசிகளைக் கணினி வலையமைப்புடன் இணைக்கும்போது எதிர்ப்படும் இடர்கள் யாவை?
– வாசகர், செங்கலடி

பதில்: பழைய தொலைபேசியில் ஓர் அழைப்புக்கென ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்படுகிறது; கணினி வலையமைப்பிலோ குரல் நொடிக்கு ஏறத்தாழ 50 தரவுப் பொதிகளாக, அதாவது முகவரியிட்ட சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, மின்னஞ்சலும் கோப்புகளும் செல்லும் அதே பாதையில் அனுப்பப்படுகிறது. ஓர் அழைப்புக்குத் தேவைப்படுவது ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் அளவே என்பதால் வேகக் குறைவைவிடத் தாமதமே பெரிய இடராகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒரு திசையிலான தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டாதிருப்பது நன்று. ஆகவே குரல் பொதிகளுக்கு முன்னுரிமை தரும் வகையில் சுவிட்சுகளை, அதாவது கணினிகளை ஒன்றிணைக்கும் கருவிகளை, முதலிலேயே அமைத்தல் இன்றியமையாதது.

செங்கலடி போன்ற ஊர்களில் இதனினும் முதன்மையானது மின்சாரம். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் பரிமாற்று நிலையத்திலிருந்தே வருவதால், மின்தடையிலும் அது இயங்கும். வலையமைப்புத் தொலைபேசி அவ்வாறன்று. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், சில நிமிடங்களே தாங்கும் யூ.பி.எஸ்., அதாவது மின்கலக் காப்புக் கருவி, போதாதென்பது விளங்கும். மின்சாரம் தவிர இன்னோர் இடரும் உண்டு: இவ்வலையமைப்பில் பொதிகள் தவறினால் தொலைநகல் இயந்திரங்கள் பிழைபடும்.

எனவே புதிய முறைக்கு மாறும் அலுவலகங்கள், மின்தடையின்போது 119, 1990 ஆகிய அவசர எண்களை அழைப்பதற்கேனும் செப்புக் கம்பி இணைப்பு ஒன்றைத் துண்டிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.