நோயுற்ற மயிலும் வீட்டுப் பராமரிப்பும்

மயிலும் கோழியும் ஒரே குடும்பத்துப் பறவைகள். ஆகவே கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல், இரத்தக் கழிச்சல் போன்ற நோய்கள் மயிலுக்கும் வரும். நோயுற்ற மயிலைக் கோழிக்கூட்டருகே வைக்கலாகாது. ஏனெனில், கோழியின் குடற்புழு முட்டை வழியே பரவும் கருந்தலை நோய் கோழிக்குப் பெரும்பாலும் சிறு தொல்லையே. மயிலின் ஈரலைத் தாக்கி அதைக் கொல்லவும் கூடும்.

மதுரைச் சமவெளியில் நோயினும் கொடியது நஞ்சு. 2018ஆம் ஆண்டு மதுரை அருகே நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் ஒருசேர மடிந்து கிடந்த செய்தியைப் பலர் அறிவர். மேலூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் சென்ற ஆண்டு ஓர் ஆண் மயில் விழுந்து கிடந்தது. வாயில் நீர் வடிந்தது, தலை நடுங்கியது, கால் ஊன்றவில்லை. இவை பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தின்றதன் அறிகுறிகள். தோகை இல்லாததையும் நோய் என்றனர் சிலர். அது நோயன்று, மழைக்காலத்தையொட்டி ஆண்டுதோறும் தோகை உதிர்ந்து மீண்டும் முளைப்பது இயல்பே.

அன்று நாங்கள் கைக்கொண்ட முறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, இருளும் அமைதியும். அச்சமே பறவையின் உயிரைக் குடித்துவிடும். துணியால் போர்த்தி, சிறகுகளை உடலோடு அணைத்துத் தூக்கி, இருட்டறையில் வைக்கோல் மீது கிடத்தினோம்.

இரண்டாவது, வெப்பம். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நோயுற்ற பறவையால் அதைக் காத்துக்கொள்ள இயலாது. ஆகவே அறையில் குளிர்காற்று புகாதவாறு சாக்கு கட்டினோம்.

மூன்றாவது, எதையும் புகட்டாமை. மோர் ஊற்றுமாறு அயலார் வற்புறுத்தினர், அப்பத்தா மறுத்துவிட்டார். பறவையின் மூச்சுக்குழல் நாவின் அடியிலேயே திறக்கிறது. ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும். தட்டில் நீர் வைத்தலே போதும்.

நான்காவது, மருத்துவர். நஞ்சை முறிக்க அட்ரோபின் ஊசி போட்டவர் கால்நடை மருத்துவரே. வீட்டு வைத்தியம் அதற்கு ஈடாகாது.

வனத்துறைக்கும் அன்றே செய்தி அனுப்பினோம். 1963இல் தேசியப் பறவையான மயிலை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்; வளர்க்கக் கூடாது. நடக்கும் வரை அங்கேயே இருக்கட்டும் என்றனர் வனத்துறையினர். மூன்றாம் நாள் அது கம்பு கொத்தியது. ஐந்தாம் நாள் அவர்கள் வந்து கொண்டுபோய் அழகர்மலை அடிவாரத்தில் விட்டனர். பெயர் வைத்துக் கொஞ்சிய தம்பி அழுதான். மனிதரிடம் பழகிய மயில் நஞ்சு வைப்பவரையும் நம்பிவிடும் என்று அவனுக்கு எடுத்துரைத்தேன்.

அவ்வாண்டு எங்கள் நிலக்கடலையில் பெரும்பகுதியை மயில்களே கிளறித் தின்றிருந்தன. நட்டமடைந்த அப்பத்தாவே மயிலருகில் இரவெல்லாம் விழித்திருந்தார். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் காவல் இருப்பதும் வலை கட்டுவதும் செலவுதான். எனினும் நஞ்சு மயிலோடு நில்லாது. காக்கை, கோழி, நாய் என அது பரவும். உழவரின் இழப்புக்கு உரிய ஈடு கிடைத்தால், மயிலுக்குச் சிகிச்சை செய்ய வேண்டிய தேவையே குறையும்.